அத்தையின் கன்னத்திலிருந்து தாத்தாவின் ஊருக்கு: மரபணுச் சோதனையால் வேர் தேடும் வழி

என் தாத்தா 1926-இல் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் ஒரு கங்காணியோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவின் பினாங்கில் இறங்கியவர். பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, அங்கேயே தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் கண்ணை மூடினார். அவருக்கு எந்த ஊர் என்று கேட்டால், “தென்னாற்காட்டுப் பக்கம்” என்பார் அப்பா. அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றதும் நான் கையிலெடுத்த முதல் வேலை அந்த ஊரைத் தேடுவதுதான். ஊர் கிடைத்துவிட்டது. எப்படிக் கிடைத்தது என்று கேட்டுப் பலர் எழுதுகிறார்கள். அவர்களுக்காக, நான் செய்ததையும் செய்யத் தவறியதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில், மரபணுச் சோதனைப் பெட்டி வாங்குவதற்கு முன், வீட்டில் மூத்தவர் பக்கத்தில் உட்காருங்கள். எங்கள் வீட்டில் அது அத்தை, அப்பாவின் தங்கை. 2022-இல் அவருக்கு 81 வயது. “சொந்த ஊர் எது” என்று நேரடியாகக் கேட்டால் “தெரியாது” என்று முடித்துவிடுவார்கள். சுற்றி வளைத்துக் கேட்க வேண்டும். குலதெய்வம் எது, யாருக்கு முதல் மொட்டை எங்கே போட்டார்கள், காது குத்தும்போது தாய்மாமன் முறைக்கு மடியில் வைத்துக்கொண்டது யார், தாத்தா செத்தபோது கொள்ளி வைத்தது யார், முதல் பேரனுக்கு யார் பெயரை வைத்தார்கள். இப்படிக் கேட்கக் கேட்க அத்தை அவிழ்ந்துகொண்டே வந்தார். “எங்கப்பாவுக்கு மூத்தவர் ஒருத்தர் நெட்டாலுக்குப் போயிட்டாராம். போனவர் போனவர்தான்னு எங்கப்பா சொல்லும்” என்றார். நெட்டால் என்றால் தென்னாப்பிரிக்காவின் நட்டால். குலதெய்வம் ஏரிக்கரை அய்யனார், பக்கத்திலேயே ஒரு பெரிய புளியமரம் என்றார். இது எல்லாவற்றையும் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டேன். பின்னால் வந்த மரபணு முடிவுகளுக்கு அர்த்தம் கொடுத்தது இந்த இருபது நிமிடப் பேச்சுதான்.

சோதனையையும் மூத்தவரிடமிருந்தே தொடங்குங்கள். தாத்தாவின் மரபணுவில் பாதி அத்தையிடம் இருக்கிறது. என்னிடம் ஏறத்தாழக் கால் பங்கு. என் மகளிடம் அரைக்கால். ஒவ்வொரு தலைமுறையிலும் பாதி போய்விடும், போனது திரும்பாது. நான் முதலில் எனக்குத்தான் சோதனை செய்துகொண்டேன். அது அவசரத்தில் செய்த தவறு. அந்தப் பணத்தில் முதலில் அத்தைக்குச் செய்திருக்க வேண்டும்.

ஆனால் அவர்களுக்குப் புரியும்படி சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகுதான். அத்தையிடம் நான் மூன்று விஷயம் சொன்னேன். கன்னத்தில் தேய்த்தெடுக்கும் இந்தப் பஞ்சு வெளிநாட்டுக்குப் போகும். முடிவை முன்பின் தெரியாதவர்களும் ஓரளவு பார்ப்பார்கள். நாம் எதிர்பார்க்காத உறவும் அதில் வெளிவரலாம். “எதிர்பார்க்காத உறவுன்னா?” என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “எங்கப்பா ஊரு தெரிஞ்சா சரி” என்றார்.

பஞ்சுக் குச்சியும் வெற்றிலையும்

சில நிறுவனங்கள் குழாயில் எச்சில் துப்பச் சொல்கின்றன. சில, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து அனுப்பச் சொல்கின்றன. வயதானவர்களுக்குக் குச்சிதான் நல்லது. வாய் உலர்ந்துபோன வயதில் ஒரு குழாய் நிறைய எச்சில் துப்புவது பெரும்பாடு.

அத்தை வெற்றிலை போடுகிறவர். முதல் முறை காலை பத்து மணிக்குக் குச்சியை எடுத்துக்கொண்டு போனேன். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கன்னத்தில் தேய்த்து வெளியே எடுத்தால் பஞ்சு செங்காவி நிறத்தில் இருந்தது, ஓரத்தில் ஒரு பாக்குத் துணுக்கும் ஒட்டியிருந்தது. அதை அப்படியே அனுப்பியது என் தவறு. ஆறு வாரம் கழித்து, மாதிரி போதவில்லை, திரும்ப அனுப்புங்கள் என்று பதில் வந்தது. இரண்டாம் முறை விடியற்காலை ஐந்தரைக்கே போய்விட்டேன். முந்தைய இரவே வெற்றிலைப் பெட்டியை எடுத்து ஒளித்து வைத்தாயிற்று. எழுந்ததும் வெறும் தண்ணீரில் நாலைந்து முறை கொப்பளிக்கச் சொல்லி, ஒரு மணி நேரம் பொறுத்து, காப்பியும் கொடுக்காமல், ஒரு கன்னத்துக்கு ஒரு நிமிடம் வீதம் கடிகாரம் பார்த்துத் தேய்த்தேன். குச்சியை உருட்டி உருட்டித் தேய்க்க வேண்டும், சும்மா தடவினால் போதாது. பஞ்சு வெள்ளையாகவே வந்தது. நுனியைக் குப்பியில் ஒடித்துப் போட்டு மூடினேன். இந்த முறை சரியாக வந்தது. பல்செட் இருந்தால் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். குப்பியின் எண்ணை அங்கேயே நோட்டில் பெயரோடு எழுதி வையுங்கள். ஒரே நாளில் இரண்டு மூன்று பேருக்கு எடுத்தால் குப்பி மாறிப்போக நிறைய வாய்ப்பு உண்டு.

எந்தச் சோதனை, எங்கே

மூன்று வகை இருக்கிறது. ஒன்று, அப்பா வழி அம்மா வழி இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது. இதை ஆட்டோசோமல் சோதனை என்கிறார்கள். நூறு நூற்றைம்பது ஆண்டுக்குள் பிரிந்துபோன சொந்தத்தைக் கண்டுபிடிக்க இதுதான். ஆணா பெண்ணா என்ற பேச்சில்லை, யாருக்கும் செய்யலாம். இதிலிருந்தே தொடங்குங்கள்.

இரண்டாவது, ஒய் குரோமோசோம். அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். நம்மவர்களுக்கு இதை விளக்குவது எளிது: பங்காளிகள் எல்லோருக்கும் ஒரே ஒய். குலதெய்வம் எந்த வழியில் இறங்கி வருகிறதோ, ஒய்யும் பெரும்பாலும் அதே வழியில்தான் வருகிறது. மாமன் மச்சானுக்கு வேறு ஒய். பெண்களுக்கு இது கிடையாது என்பதால் எனக்காக என் தம்பி கொடுத்தான். மூன்றாவது, அம்மாவிடமிருந்து பிள்ளைகள் எல்லோருக்கும் போய், மகள்கள் வழியே மட்டும் தொடரும் மைட்டோகாண்ட்ரியா சோதனை. ஊர் தேடுகிறவர்களுக்கு இதனால் அதிகப் பயன் இல்லை.

ஒய் சோதனையில் ஒரு மரபுக் குழுவின் பெயர், அதாவது மிகப் பழைய ஒரே தந்தை வழியில் வந்தவர்களின் கூட்டத்தின் பெயர் வரும். அதைக் கண்டு மயங்காதீர்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனும் அமெரிக்க மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸும் உசிலம்பட்டி பக்கம் ஜோதிமாணிக்கத்தில் எம்130 என்ற பழங்கால ஒய் அடையாளத்தைக் கண்டது உண்மைதான். ஆனால் அந்த அடையாளம் பேசுவது பல பத்தாயிரம் ஆண்டுக் கதையை. உங்கள் தாத்தா எந்தத் தெருவிலிருந்து கிளம்பினார் என்பதை அது சொல்லாது. சாதியைச் சொல்லும் சோதனையும் கிடையாது. சொல்வதாக யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

நிறுவனங்களில் ஆன்செஸ்ட்ரிதான் பெரியது, இரண்டு கோடிக்கும் மேற்பட்டவர்கள் சோதித்திருக்கிறார்கள். ட்வென்டிதிரீ அண்ட் மீ, மைஹெரிட்டேஜ், ஃபேமிலிட்ரீ டிஎன்ஏ ஆகியவையும் இருக்கின்றன. ஒய் சோதனையை விரிவாகச் செய்வது ஃபேமிலிட்ரீ டிஎன்ஏ. நான் மைஹெரிட்டேஜில் செய்தேன். உங்கள் நாட்டுக்குப் பெட்டி அனுப்புகிறார்களா, மாதிரியைத் திருப்பி அனுப்ப அங்கிருந்து வழி உண்டா என்று பணம் கட்டும் முன்பே பாருங்கள். முடிவு வந்ததும் மூலத் தரவுக் கோப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதை ஜெட்மேட்ச் தளத்தில் ஏற்றினால், வேறு வேறு நிறுவனங்களில் சோதித்தவர்களோடும் ஒப்பிடலாம். அமெரிக்காவில் 2018-இல் பழைய கொலைவழக்கு ஒன்றில் போலீசார் குற்றவாளியைப் பிடித்தது அந்தத் தளத்தின் வழியாகத்தான். போலீஸ் தேடலுக்கு உங்கள் தரவு உட்படலாமா கூடாதா என்று சொல்ல அங்கே ஒரு தெரிவு உண்டு, ஏற்றும்போதே பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

தரவுப் பாதுகாப்பையும் யோசிக்க வேண்டும். 2023-இல் ட்வென்டிதிரீ அண்ட் மீ நிறுவனத்தில் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் திருடுபோயின. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. கடவுச்சொல் திருடுபோனால் மாற்றிவிடலாம், மரபணுவை மாற்ற முடியாது. அது உங்கள் பிள்ளைகளுடையதும் கூட. அதனால் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்கில் முழுப்பெயருக்குப் பதில் முதலெழுத்து போதும். வேலை முடிந்தால் கணக்கை அழிக்கவும் தயங்க வேண்டாம்.

சதவீதம் வேண்டாம், பொருத்தம் வேண்டும்

முடிவு வந்ததும் முதலில் கண்ணில் படுவது வண்ண வரைபடமும் சதவீதமும். எல்லோரும் அதைத்தான் படம் பிடித்து அனுப்புகிறார்கள். ஒரே கோப்பை வேறு இடத்தில் கொடுத்தால் வேறு சதவீதம் வரும். அவர்களிடம் ஒப்பிட இருக்கும் மாதிரிகளைப் பொறுத்தது அது. நமக்கு வேண்டியது அடுத்த பக்கம், பொருத்தப் பட்டியல். உங்களோடு மரபணுத் துண்டுகளைப் பகிர்கிறவர்கள் அங்கே வரிசையாக இருப்பார்கள். பகிரும் அளவை சென்டிமார்கன் என்ற அலகில் சொல்வார்கள். பெற்றவரோடு சுமார் 3,400–3,500. சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளோடு சராசரி 866. தாத்தாக்கள் அண்ணன் தம்பி என்றால், அந்தப் பேரப்பிள்ளைகளுக்குள் சராசரி 229. கொள்ளுத்தாத்தாக்கள் உடன்பிறந்தவர்கள் என்றால் 73. மரபணு வழியாக வம்சாவளி ஆராயும் பிளெய்ன் பெட்டிங்கர் ஆயிரக்கணக்கான குடும்பங்களிடம் திரட்டிய கணக்கு இது. டிஎன்ஏ பெயின்டர் தளத்தில் எண்ணைக் கொடுத்தால் எந்தெந்த உறவாக இருக்கலாம் என்று காட்டும்.

இங்கேதான் தமிழ்க் குடும்பங்கள் ஏமாந்துபோகின்றன. அந்த அட்டவணை, சொந்தத்தில் கட்டிக்கொள்ளாத குடும்பங்களுக்குத்தான் பொருந்தும். நம்மிடம் மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று தலைமுறை தலைமுறையாகக் கொள்வினை கொடுப்பினை. என் அம்மா என் அப்பாவுக்கு மாமன் மகள். அதனால் தாய்மாமனோடு எனக்கு அட்டவணைப்படி 1,740 அளவில் வர வேண்டியது 1,990 வந்தது. அவர் எனக்கு அம்மா வழியில் மாமன். அதோடு அப்பாவுக்கும் அவர் மாமன் மகன். இரண்டு வழியும் கூடி எண் ஏறிவிட்டது. இன்னொரு காரணமும் உண்டு. மரபியலாளர்களான ஐதராபாத்தின் தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சேர்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியச் சமூகங்கள் பலவும் சிறிய எண்ணிக்கை முன்னோரிலிருந்து பெருகி, உள்ளுக்குள்ளேயே மணந்து வந்தவை என்று காட்டியது. ஆகவே பல நூறு ஆண்டுகளுக்கு முந்திய உறவுகூட நம் பட்டியலில் பக்கத்து உறவு போல நிற்கும்.

சரி, எப்படிப் பிரித்தறிவது? மொத்த எண்ணை விட்டுவிட்டு, மிக நீளமான ஒற்றைத் துண்டைப் பாருங்கள். மொத்தம் 90, ஆனால் எல்லாம் ஏழும் எட்டும் பத்துமாகச் சிதறிக் கிடக்கிறது என்றால், அது சமூகத்துக்குள் பழங்காலம் தொட்டு வரும் சேர்க்கை. தேடிப் பயனில்லை. அதே 90-இல் ஒரு துண்டு மட்டும் 40 என்றால், நாலைந்து தலைமுறைக்குள் பொது முன்னோர் இருக்க வாய்ப்பு அதிகம். அவருக்கு உடனே எழுதுங்கள். நீளத் துண்டு 20-க்குக் கீழே இருப்பவர்களை நான் தொடுவதே இல்லை.

கழித்துப் பார்ப்பது

பதினான்கு மாதம் என் பட்டியலில் உருப்படியாக யாரும் வரவில்லை. ஒரு நாள் நட்டாலின் டர்பன் நகரிலிருந்து ஒரு பெண் பட்டியலில் வந்தார். அத்தையோடு 498 சென்டிமார்கன், நீளத் துண்டு 57. என்னோடு 212, நீளத் துண்டு 41. என் கை நடுங்கியது. ஆனால் அத்தையிடம் என் தாத்தா வழி மரபணுவும் உண்டு, என் பாட்டி வழி மரபணுவும் உண்டு. இந்தப் பெண் யார் வழி?

இதற்காகத்தான் தாய்மாமனுக்கும் சோதனை செய்து வைத்திருந்தேன். பாட்டி அவருக்குச் சொந்த அத்தை, அவருடைய அப்பாவின் உடன்பிறந்தவர். ஆகவே பாட்டி வீட்டு மரபணு மாமனிடம் நிறைய உண்டு. தாத்தா வீட்டு மரபணு கிடையாது. டர்பன் பெண்ணுக்கும் மாமனுக்கும் எவ்வளவு என்று பார்த்தேன். 14தான், அதுவும் இரண்டு சிறு துண்டு. பாட்டி வழியாக இருந்தால் மாமனோடும் பெரிதாகப் பொருந்தியிருக்க வேண்டும். பொருந்தவில்லை, ஆகவே தாத்தா வழி. உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒருவரைத் தேடுங்கள்: ஒரு கிளையில் மட்டும் இருப்பவர், மற்ற கிளையில் இல்லாதவர். சொந்தத்துக்குள் மணந்த குடும்பத்தில் இந்த ஒரு ஆள் இல்லாமல் பட்டியலைப் பிரிக்க முடியாது.

பெயரை வைத்துத் தேடலாம் என்று நினைக்காதீர்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. நட்டாலில் பல குடும்பங்களுக்கு, கப்பலேறியவரின் பெயரே பிறகு குடும்பப் பெயராகிப் போனது. அதுவும் வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்.

முதல் கடிதத்தைச் சுருக்கமாக எழுதுங்கள். பெரிய குடும்பக் கதையை எழுதினால் எதிரில் இருப்பவர் மிரண்டுபோவார். நான் எழுதியது இவ்வளவுதான்: நான் மலேசியாவில் இருக்கிறேன். என் அத்தைக்கும் உங்களுக்கும் 498 பொருந்துகிறது. என் தாத்தாவின் அண்ணன் நட்டாலுக்குப் போனதாகச் சொல்வார்கள். உங்கள் தாத்தாவின் ஒப்பந்த எண் தெரியுமா? பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தார். ஆனால் ஒப்பந்த எண் அவர்கள் வீட்டுச் சாமி அறையில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது.

அந்த எண் ஒரு பொக்கிஷம். 1860-இல் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து கிளம்பியதில் தொடங்கி 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நட்டாலுக்குப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உடல் அடையாளம் எல்லாம் எழுதியிருக்கும். டர்பன் ஆவணக் காப்பகத்திலும், குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்திலும் தேடலாம். மொரீஷியஸ் போனவர்களுக்கு மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பதிவேடுகள் இருக்கின்றன. கங்காணி முறையில் மலாயா வந்த எங்களைப் போன்றவர்களுக்கு இப்படி ஆளுக்கொரு வரி எழுதி வைத்த பட்டியல் கிடைப்பது அபூர்வம். அதனால்தான் சொல்கிறேன், உங்கள் தாத்தாவின் காகிதம் இல்லாவிட்டாலும், வேறு கரைக்குப் போன அவருடைய அண்ணன் தம்பியின் காகிதம் இருக்கலாம். அந்தக் காகிதத்தை வைத்திருக்கும் வீட்டை மரபணு காட்டிக்கொடுக்கும்.

டர்பனிலிருந்து வந்த படத்தில் ஒரே ஒரு வரி. 1910. வயது 20. தகப்பன் பெயர், எங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயர். தென்னாற்காடு, திருக்கோயிலூர் தாலுகா. ஊர்ப் பெயர் சிதைந்து, எந்த ஊர் என்றே தெரியாத எழுத்துக் கூட்டல். கடைசிக் கட்டத்தில், இடது கெண்டைக்காலில் தழும்பு. அத்தைக்குப் படித்துக் காட்டினேன். “படிச்சதையே இன்னொரு தடவை படி” என்றார். தழும்பு இருந்த இடத்தை மட்டும் மூன்று முறை படிக்கச் சொன்னார்.

அப்புறம் முறையும் அவர்தான் வைத்தார். அந்தப் பெண்ணின் தகப்பன் எனக்குப் பெரியப்பா முறை, ஆகவே அவர் எனக்கு அக்கா. அத்தைக்கு அண்ணன் மகள். வீடியோவில் பேசும்போது டர்பன் அக்கா “அத்தை” என்று கூப்பிட்டார். அந்தச் சொல் மட்டும் அவர்கள் வீட்டில் நாலு தலைமுறையாகப் பிழைத்திருந்தது. பிறகு என் தம்பிக்கும் அக்காவின் தம்பிக்கும் ஒய் சோதனை செய்தோம். 37 குறிகளில் 36 ஒத்துப்போயின. பங்காளிதான்.

சிதைந்த ஊர்ப் பெயரை எப்படிப் படிப்பது? உரக்கப் படியுங்கள். தாலுகாவில் உள்ள ஊர்ப் பெயர்களை வரிசையாக எடுத்துவைத்து, வெள்ளைக்காரர் வாயில் அது எப்படி வந்திருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாருங்கள். ழகரம் லகரமாகும், முதலெழுத்து விழும், ‘ஊர்’ என்ற முடிவு காணாமல் போகும். எங்களுக்கு மூன்று ஊர் தேறியது. அந்த மூன்றில் ஏரிக்கரையில் அய்யனாரும் புளியமரமும் இருந்தது ஓர் ஊரில்தான்.

2024 தை மாதம் அங்கே போனோம். ஊர்ப் பெயரை இங்கே எழுதவில்லை, அங்குள்ளவர்களிடம் நான் சம்மதம் கேட்கவில்லை. போகிறவர்களுக்கு ஒரு விஷயம் மட்டும். வெளிநாட்டிலிருந்து பங்காளி என்று ஒருவர் வந்து நின்றால், ஊரில் முதலில் எழும் பயம் நிலத்தைப் பற்றியது. நாங்கள் பேச்சைத் தொடங்கும்போதே, எங்களுக்கு எந்தப் பங்கும் வேண்டாம், சாமி கும்பிட்டுவிட்டுப் போக வந்தோம் என்று சொன்னோம். அதன் பிறகுதான் நாற்காலி வந்தது, தண்ணீர் வந்தது. பூசாரி எங்கள் பாட்டன் பூட்டன் பெயர்களைக் கேட்டார். அத்தை மூன்று தலைமுறையை வரிசையாகச் சொன்னார். மூன்றாவது பெயர் வந்ததும் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து, “அந்த வீட்டு மனை அதோ” என்று கை காட்டினார்.

பையில் இரண்டு சோதனைப் பெட்டி கொண்டுபோயிருந்தேன். எடுக்கவில்லை. அப்படியே திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.